85 பருந்துகளில் ஒன்று: பள்ளிக்கரணையில் ஒரு காலை

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் மேலே, ஒரு ஜனவரி காலையில், 47 விநாடி நான் பார்த்த ஒரு பறவையைப் பற்றியது இது. விநாடிக் கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், பார்த்துக்கொண்டே கைபேசியில் பேசிப் பதிவு செய்திருந்தேன். அன்று நாங்கள் அதைக் கரும்பருந்து என்று எழுதிக்கொண்டோம். அது தவறு என்று நான் முடிவுக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் என்னென்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், எதை வைத்து முடிவை மாற்றினேன் என்று வரிசையாக எழுதிவைக்கிறேன். பருந்துகளைப் பறக்கும்போதே அடையாளம் காணப் பழகும் எவருக்கும் இப்படி ஒரு காலை வாய்த்திருக்கும், இல்லையென்றால் இனி வாய்க்கும்.

இடமும் நேரமும்

துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் ரேடியல் சாலை, சதுப்புநிலத்தின் ஊடாகவே போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த நிலம் இது. குளிர்காலத்தில் சாலையோரம் நின்றாலே பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீலத்தாழைக்கோழி எல்லாம் கண்ணில் படும். அதே சதுப்பின் ஒரு பகுதியை மூடிக்கொண்டு பெருங்குடி குப்பைமேடு நிற்கிறது. அதன் மேல் எந்தக் காலத்திலும் கரும்பருந்துகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்று ஐந்து பேர் போயிருந்தோம். எனக்கு அது பறவை பார்க்கத் தொடங்கிய மூன்றாவது குளிர்காலம். எங்களை அழைத்துப் போனவர் இருபது வருடத்துக்கும் மேலாகப் பறவை பார்த்துவருபவர். தண்ணீர்க் கரையில் நிற்கும் உள்ளான்களை நிழலை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் தண்ணீரைத்தான் பார்த்தோம். பருந்துகள் உயரப் போக ஒன்பது மணியாவது ஆகும். தரை சூடேறி, வெப்பக்காற்று மேலே கிளம்பினால்தான் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏற முடியும். அன்றும் ஒன்பது மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எண்ணினோம், 85. எண்ணி முடித்து மறுபடி ஒருமுறை கூட்டத்தின் மேல் பைனாகுலரை ஓட்டியபோது, இடது ஓரத்தில் ஒன்றின்மேல் கண் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. சூரியன் எங்களுக்கு வலக்கைப் பக்கம், பறவையின் மேல் வெளிச்சம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

பதிவில் இருப்பது

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுப் பதிவை ஓடவிட்டு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பார்ப்பதைப் பேசுவது என் பழக்கம். குறிப்பேட்டில் எழுதக் குனிந்தால் பறவை போய்விடும் என்பதால் தொடங்கியது. அன்றைய பதிவைச் சொல் மாற்றாமல் தருகிறேன்.

"மணி ஒன்பது பன்னெண்டு. பருந்துக் கூட்டத்துல இடது பக்கம் ஒண்ணு. கறுப்பு... இல்ல, காப்பிக்கொட்டை கலர். வால் நேரா இருக்கு, நடுவுல வெட்டு இல்ல. வாலத் திருப்பவே இல்ல. இறக்கை மேல வெளுத்த பட்டை. இப்ப திரும்புது... வால் தொடங்குற எடத்துல வெளுப்பு, பிறை மாதிரி. இப்ப நம்மளப் பாத்து வருது. கழுத்துகிட்ட, இறக்கை சேர்ற எடத்துல வெள்ளைப் புள்ளி. ரெண்டு பக்கமும். சின்னதா. சார், இதக் கொஞ்சம் பாருங்களேன், கழுகு மாதிரி இருக்கு."

"எது? ஓரத்துலயா? பருந்து தம்பி. வால் தேஞ்சிருக்கு."

இன்னொரு குரல்: "கழுகுன்னா பெருசா இருக்காதா?"

அடுத்து என் குரல்: "ஆமா. பருந்துதான்."

பதிவு அங்கே முடிகிறது. பறவை எங்களைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. வீடு திரும்பி, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவேற்றும் இ-பேர்டு இணையதளத்தில் அன்றைய பட்டியலைப் போட்டபோது கரும்பருந்து 85 என்று எழுதினேன். குறிப்பு எதுவும் சேர்க்கவில்லை.

அவர்கள் சொன்னதில் இருந்த நியாயம்

அந்தக் காலையில் நடந்ததை அனுபவசாலி ஒருவர் இளையவனை அடக்கிவிட்ட கதையாகச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. அவர் சொன்னதில் சரியான பகுதி நிறைய உண்டு.

குப்பைமேட்டின் மேல் 85 பருந்துகள் சுற்றும்போது, கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும் ஒன்று பருந்தாகவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எந்தக் கூட்டத்திலும் இறகு உதிர்ந்தது, வால் தேய்ந்தது, வெளுத்தது என்று சில இருக்கும். முதலில் சாதாரணப் பறவையாக எடுத்துக்கொண்டு, அது பொருந்தாவிட்டால் மட்டும் அடுத்ததைத் தேடு என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நல்ல பாடம் அது. அன்று அவர் பைனாகுலரைத் தூக்கும்போது பறவை ஏற்கெனவே எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது வால் பக்கம் மட்டும், அதுவும் மூன்று நான்கு விநாடி. பார்த்த அளவுக்கு அவர் சொன்னது பொருந்தியது. முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை.

"கழுகுன்னா பெருசா இருக்காதா" என்ற கேள்விதான் என்னை முழுதாக மடக்கியது. நம் பேச்சில் பருந்து, கழுகு என்ற பெயர்கள் இடத்துக்கு இடம் கலந்தே புழங்குகின்றன. சங்கப் பாடல்களில் பருந்து, எருவை, எழால் என்று தனித்தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்று தெருவில் கேட்டால் வல்லூறு முதல் பிணந்தின்னிக் கழுகு வரை எல்லாவற்றுக்கும் இரண்டே பெயர்தான். ஆனாலும் கழுகு என்றதும் பிரம்மாண்டமான ஒன்றைத்தான் மனம் எதிர்பார்க்கிறது. என் பறவை பக்கத்தில் பறந்த பருந்துகளைவிடப் பெரிதாக இல்லை, ஒரு பிடி சிறிதாகக்கூட இருந்தது. எனவே கழுகு இல்லை என்று மனம் கணக்கை முடித்துவிட்டது.

அந்தக் கணக்கு தப்பு என்று அன்றிரவே தெரிந்தது.

பூட்டட் கழுகு

கள வழிகாட்டியைப் புரட்டியபோது ஒரு படத்தில் கை நின்றது. பறவை பார்ப்பவர்கள் பூட்டட் ஈகிள் என்றே சொல்லும் கழுகு. ஸ்பெயின் தொடங்கி மத்திய ஆசியா வரையிலும் இமயமலைப் பகுதியிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியா வரை இறங்கி வரும். தமிழ்நாட்டில் ஏரிப்பக்கம், திறந்த வெளி, மலையடிவாரம் எங்கும் பார்க்கக் கூடியது. அபூர்வமே இல்லை. இறக்கை விரிப்பு ஏறத்தாழ 110 முதல் 135 சென்டிமீட்டர். கரும்பருந்துக்கு ஏறத்தாழ 130 முதல் 155. அதாவது இந்தக் கழுகு பருந்தைவிடச் சிறியது. அளவை வைத்துக் கழுகு இல்லை என்று தள்ளியதே தலைகீழ்.

இதில் இரண்டு நிறவகை உண்டு. வெளிர்நிறத்தது கீழிருந்து பார்த்தால் உடலும் இறக்கையின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதி இறகுகள் கறுப்பு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. கருநிறத்தது உடல் முழுக்க அடர்பழுப்பு, தூரத்தில் பருந்தின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக, கழுத்தோடு இறக்கை சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய வெள்ளைப் புள்ளி. எதிரே வரும்போது, இறங்கும் விமானத்தின் விளக்கைப் போலத் தெரிவதால் லேண்டிங் லைட் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் வால் தொடங்கும் இடத்தில் பிறை வடிவில் வெளுப்பு.

இந்தப் பறவைக்கு 1788இல் யோஹான் பிரெடரிக் கிமெலின் அறிவியல் பெயர் வைத்தபோது தேர்ந்தெடுத்த சொல் பென்னாட்டஸ், இறகு பூண்டது என்று பொருள். பூட்டட் என்ற ஆங்கிலப் பெயரும் கால்விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருப்பதைக் குறிப்பது, பூட்ஸ் மாட்டியது போல. கையில் பிடித்து அல்லது சுட்டு வீழ்த்திப் பறவையை அறிந்த காலத்தின் பெயர்கள் இவை. இருநூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் பறவையின் காலில் இறகு இருக்கிறதா என்று யார் பார்ப்பது? பறக்கும்போது உதவும் அடையாளங்கள் எல்லாம் வேறு. அவை பெரும்பாலும் வானத்தையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பின்னாளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

படத்தைப் பார்த்ததும் பட்டியலைத் திருத்தக் கை துடித்தது. திருத்தவில்லை. படம் பார்த்த பிறகு நினைவு படத்தின் பக்கம் சாயும் என்று பயந்தேன். சரி, முதலில் பருந்தை ஒழுங்காகப் படிப்போம் என்று முடிவு செய்தேன்.

மூன்று ஞாயிறு

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அதே சாலையோரத்தில் நின்று கரும்பருந்தை மட்டும் பார்த்தேன். இந்த ஆய்வில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த நேரம் அதுதான். மூன்று வருடமாகப் பருந்தைப் பார்த்திருந்தும் எனக்குப் பருந்தைத் தெரிந்திருக்கவில்லை.

பருந்துக்கு வால் பிளவுபட்டிருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அது வாலை மடக்கி வைத்திருக்கும்போது. வட்டமிடும்போது வாலை விசிறியாக விரித்தால் பிளவு ஏறக்குறைய மறைந்து, பின்விளிம்பு நேர்கோடாகிவிடும். ஒரே பருந்தைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு சுற்றுக்குள் பிளவு நாலைந்து முறை வந்து வந்து மறைவது தெரியும். ஆகவே "வால் நேரா இருக்கு, வெட்டு இல்ல" என்ற என் குறிப்பு, தனியாக எடுத்தால், செல்லாது. விரித்திருந்தாலும் வாலின் இரண்டு மூலையும் கூராகவே நிற்கும் என்பது கவனிக்க வேண்டியது. மூலை கூரா, மழுங்கலா என்று நான் ஜனவரியில் பார்க்கவில்லை, பதிவிலும் இல்லை.

இறக்கை மேல் வெளுத்த பட்டை? அதுவும் பருந்துக்கு உண்டு. மேலே இருந்து வெயில் விழும் கோணத்தில் நன்றாகவே தெரிகிறது. கழுகுக்கு அது இன்னும் அகலம், இன்னும் வெளுப்பு. ஆனால் எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்ல எனக்கு அன்று ஒப்பீடு இருக்கவில்லை. அந்தக் குறிப்பும் போனது.

வால் அசைவு வேறு கதை. பருந்து வாலைச் சுக்கான் போலப் பயன்படுத்துகிறது. காற்று கொஞ்சம் மாறினாலும் வால் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது. முழுப் பறவையும் அசையாமல் மிதக்கும்போதுகூட வால் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். நாற்பது பருந்துகளைத் தனித்தனியாக ஒரு நிமிடம் வீதம் பார்த்துக் குறித்தேன். வாலை ஒருமுறையாவது திருப்பாமல் அரை நிமிடம் தாண்டியது ஒன்றுகூட இல்லை. என் கண் அன்று அந்தப் பறவையின் மேல் ஏன் நின்றது என்பது மூன்றாவது ஞாயிறுதான் விளங்கியது. வால் திருப்பும் கூட்டத்துக்கு நடுவே திருப்பாத ஒன்று. காரணத்தை என்னால் சொல்ல முடியாதபோதே கண் அதைப் பிடித்திருக்கிறது.

நாற்பதில் இரண்டுக்கு உண்மையிலேயே வால் இறகு விழுந்து பிளவு இல்லாமல் இருந்தது. அவையும் வாலைத் திருப்பிக்கொண்டேதான் பறந்தன. கழுத்தோரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்றில்கூடப் பார்க்கவில்லை.

முட்டுக்காட்டில் செய்த தவறு

இவ்வளவும் ஆன பிறகு முட்டுக்காட்டில் ஒரு தவறு செய்தேன். இதை விட்டுவிட்டு எழுதினால் இந்த ஆய்வு பாதிதான்.

பிப்ரவரியில் உப்பங்கழிக் கரையில் நின்றிருந்தேன். சவுக்குத் தோப்புக்கு மேலே பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று வட்டமிட்டது. அன்றைய பதிவு: "பூட்டட்! பூட்டட்தான். வெளிர் வகை. அடியில வெளுப்பா இருக்கு... மணிக்கட்டைத் தாண்டி பெரிய வெள்ளைத் திட்டு... வால் வட்டமா, வெளுப்பா இருக்கு. சூப்பர்."

மகிழ்ச்சியோடு பட்டியலில் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது. வெளிர்நிற பூட்டட் கழுகுக்கு வெள்ளை இருப்பது இறக்கையின் முன்பாதியில், உடலை ஒட்டி. நான் வாயால் சொல்லியிருப்பது இறக்கை நுனிப்பக்கத்தில், விரல் இறகுகளின் அடியில் வெள்ளைத் திட்டு. அது செம்பருந்தின் இளம்பறவைக்கு உரிய அடையாளம். கோயிலில் கருடன் என்று கும்பிடும் அதே செம்பருந்து, முதல் வருடத்தில் செம்மையும் இல்லாமல் வெண்மையும் இல்லாமல் பழுப்பாக இருக்கும். வால் பிளவில்லாமல் வட்டமாக இருக்கும். முட்டுக்காடு, கோவளம் பக்கம் அது அன்றாடப் பறவை. பூட்டட் கழுகை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, செம்பருந்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினேன்.

மனம் மிகவும் தளர்ந்தது. செம்பருந்தைக் கழுகாகப் பார்க்கக் கூடியவன், ஜனவரியில் பருந்தைக் கழுகாகப் பார்த்திருக்க மாட்டானா? அந்தப் பதிவைப் பல மாதம் திறக்கவே இல்லை.

பெரும்பாக்கம்

டிசம்பரில், பெரும்பாக்கம் ஏரிக்கரையில், காலை பத்து மணிக்கு மேல். அன்று பருந்துகள் அதிகம் இல்லை. தலைக்கு மேலே ஒரு அடர்பழுப்புப் பறவை வட்டமிட்டு இறங்கி, வளைந்து, நேராக என்னை நோக்கி வந்தது. கழுத்தின் இரு பக்கமும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், பைனாகுலர் இல்லாமலே தெரியும்படி. கேமரா கையில் இருந்தது. பதினொரு படம் எடுத்தேன். மூன்றில் புள்ளிகள் தெளிவு. ஒன்றில் மேற்பக்கப் பிறை. வால் பட்டை இல்லாமல் உடலைவிட வெளுத்து, மூலை மழுங்கி இருந்தது. படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும், ஜனவரியில் எங்களை அழைத்துப் போன பெரியவர் உட்பட, ஒரே வார்த்தையில் பூட்டட் கழுகு என்று உறுதி செய்தார்கள்.

இந்தப் படம் ஜனவரிப் பறவைக்குச் சாட்சி ஆகாது. பதினோரு மாதம் கழித்து, வேறு நீர்நிலையில், வேறொரு பறவையாகவே இருக்கலாம். அந்தப் படம் எனக்குச் செய்த உதவி வேறு. அந்த வெள்ளைப் புள்ளி நேரில் எப்படித் தெரியும், எந்தக் கோணத்தில் பளிச்சிடும், திரும்பியதும் எப்படிச் சட்டென்று அணையும் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று மாலை ஜனவரிப் பதிவை மறுபடி கேட்டேன். "இப்ப நம்மளப் பாத்து வருது" என்று சொன்ன பிறகுதான் புள்ளி பேச்சில் வருகிறது. அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் அந்தப் பேச்சே இல்லை. பெரும்பாக்கத்திலும் எதிரே வரும் வரை புள்ளி தெரியவில்லை.

இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்தபோது

பிறகு முட்டுக்காட்டுப் பதிவையும் எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் காதிலேயே விழுந்தது.

முட்டுக்காட்டில் என் முதல் சொல்லே பெயர். அப்புறம்தான் வர்ணனை. பெயரைச் சொல்லிவிட்டதால் வர்ணனையை நான் கேட்கவே இல்லை. வாய் சரியாகச் சொன்னது, கண்ணும் சரியாகத்தான் பார்த்தது, நடுவில் பெயர் குறுக்கே நின்றது. மூன்று வாரமாக பூட்டட் கழுகையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஜனவரியில் பெயரே இல்லை. நிறம், வால், அசைவு, பட்டை, பிறை, புள்ளி என்று கண்ணில் பட்ட வரிசையில் போகிறது. கடைசியில்தான் "கழுகு மாதிரி" என்று ஒரு தயக்கம். அதைவிட முக்கியமாக, கழுத்தோரப் புள்ளி என்று ஒரு அடையாளம் இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. லேண்டிங் லைட் என்ற சொல்லை நான் கேட்டதே அன்றிரவுதான். தெரியாத ஒன்றை மனம் கற்பித்துக்கொள்ள வழியில்லை. நம் ஊர் வானத்தில் அந்த இடத்தில், அந்த அளவில் வெள்ளைப் புள்ளி உள்ள பறவையைத் தெரியாமலே ஒருவன் வர்ணித்திருக்கிறான் என்றால், அவன் அதைப் பார்த்திருக்கிறான்.

என் கண்ணை நம்பலாமா என்று பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தது தவறான கேள்வி என்று அப்போது பட்டது. இரண்டு நாளும் கண் சரியாகவே வேலை செய்தது. பிசகியது இரண்டு நாளும் பெயர் வைத்த இடத்தில். ஒரு நாள் பெயரை நானே அவசரப்பட்டுக் கொடுத்தேன். இன்னொரு நாள் மற்றவர் கொடுத்ததை அவசரப்பட்டு வாங்கிக்கொண்டேன்.

மற்ற சாத்தியங்கள்

முடிவுக்கு முன் ஜனவரிப் பறவைக்கு வேறு என்னென்ன பொருந்தலாம் என்று பார்த்தேன். பெண் சேற்றுப் பூனைப்பருந்துதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பள்ளிக்கரணையில் குளிர்காலம் முழுக்க இருக்கும், அடர்பழுப்பு நிறம், வாலில் பிளவு கிடையாது, இறக்கையின் முன்விளிம்பில் தோளோரம் வெண்மஞ்சள் நிறம் உண்டு. எதிரே வரும்போது அது இரு பக்கமும் வெளுப்பாகத் தெரியும். என்றாலும் அதற்குத் தலையும் வெண்மஞ்சளாக இருக்கும், வெளுப்பு புள்ளியாக இல்லாமல் விளிம்போடு நீளும், மிதக்கும்போது இறக்கைகளை மேல்நோக்கி மடித்து ஆழமில்லாத கிண்ணம் போல வைத்திருக்கும். தலை வெளுப்பு பதிவில் இல்லை. இறக்கை மட்டமா, மேல்நோக்கியா என்று நான் சொல்லவில்லை. இது பதிவில் உள்ள ஓட்டை. ஆனால் தலையில் அந்த வெளுப்பு இருந்திருந்தால், எதிரே வரும் பறவையில் கழுத்தோரச் சின்னப் புள்ளிக்கு முன்னால் அதுதான் கண்ணில் பட்டிருக்கும். வால் தொடங்கும் இடத்துப் பிறையும் இதற்குப் பொருந்தவில்லை.

இளம் செம்பருந்துக்கு இறக்கை நுனிப்பக்கத் திட்டு இருக்க வேண்டும், கழுத்தோரப் புள்ளி இருக்கக் கூடாது. தேன்பருந்து பருந்தைவிடப் பெரிய உடலும் சிறிய தலையும் கொண்டது, வாலில் அகலமான பட்டைகள் தெரியும். இரண்டும் சுலபமாக விலகின.

எஞ்சியது ஒன்றுதான். வால் நேராக இருந்தது, இறக்கை மேல் பட்டை இருந்தது என்ற இரண்டையும் தள்ளிவிட்டேன். வால் திருப்பாமை, பிறை, கழுத்தோரப் புள்ளி மூன்றும் நின்றன. மூன்றும் ஒரே பறவையில், ஒரே 47 விநாடிக்குள்.

பெரியவரிடம் போனது

பட்டியலைத் திருத்தும் முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று ஐந்து பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட எண்ணிக்கை அது. அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினேன். முதல்முறை கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருமுறை போடச் சொன்னார். "கழுத்துகிட்ட, இறக்கை சேர்ற எடத்துல" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இத அன்னிக்கே சொன்னீங்களா தம்பி?"

"சொன்னேன் சார். நீங்க பைனாகுலர் எடுக்கறதுக்கு முன்னாடி."

"என் காதுல விழல. விழுந்திருந்தா பருந்துன்னு சொல்லியிருக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களும் ரெண்டாவது தடவ சொல்லலியே" என்றார்.

உண்மைதான். இரண்டாவது முறை சொல்லியிருந்தால் அவர் பறவை தெற்கே போகும் திசையில் இன்னும் பத்து விநாடி பின்தொடர்ந்திருப்பார். வாலின் மூலையைப் பார்த்திருப்பார். என் பதிவில் இல்லாத இரண்டு மூன்று விஷயங்கள் அவர் கண்ணில் கிடைத்திருக்கும். எனக்கு இந்த ஒரு வருடத்தில் மிச்சமிருக்கும் வருத்தம் அது ஒன்றுதான்.

அவர் சொல்லி, அவருடைய கணினியிலேயே அமர்ந்து ஜனவரிப் பட்டியலைத் திறந்தேன். குறிப்புப் பெட்டியில் பதிவின் வார்த்தைகளை அப்படியே தட்டச்சு செய்தேன், பேச்சுத் தமிழிலேயே, ஒரு சொல்லும் மாற்றாமல். அதன் கீழே, வாலின் மூலையும் இறக்கை வைத்திருந்த விதமும் கவனிக்கப்படவில்லை என்று சேர்த்தேன். கரும்பருந்து 85 என்றிருந்ததை 84 ஆக்கி, பூட்டட் கழுகு 1 என்று போட்டுச் சேமித்தேன்.